இட்டேரிப் புல்

போன வாரம் எங்கள் வீட்டின் பின்சுவர் வரைக்கும் நெருப்பு வந்துவிட்டுப் போனது. தீயணைப்பு வண்டி வந்து அணைத்துவிட்டுப் போய்விட்டது. சுவருக்கு வெள்ளையடிக்க ஆளும் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் அடுப்பைப் பற்றவைக்கும்போது இன்னும் லைட்டரை அழுத்துவதற்கு முன் ஒருமுறை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொள்கிறேன். நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில், பத்து வயது மகள் வீட்டில் தனியாக இருக்கும்போது நடந்தது அது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. "பட்டாசு வெடிக்கறாங்கன்னு நெனச்சேம்மா" என்கிறாள். அவள் நன்றாகத் தூங்குகிறாள். எனக்குத்தான் தூக்கம் பிடிப்பதில்லை.

சேலத்துக்கு வெளியே, குன்றின் அடியில் மனை பிரித்து விற்ற இடம் எங்களுடையது. மாசி பிறந்தால் புல் காய்ந்துவிடும், குன்றில் நெருப்பு பிடிக்கும் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். வாட்ஸப் குழுவில் பேசி முடிவெடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரவர் கேட்டுக்கு முன்னால் இருந்த புல்லை ஆள்விட்டு வெட்டினோம். படம் எடுத்துப் போட்டோம். ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம். வீடுகளுக்குப் பின்னால் மழைத் தண்ணீர் போவதற்காக ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். அது யார் கேட்டுக்கு முன்னாலும் இல்லை. அதனால் அதை யாரும் வெட்டவில்லை. நெருப்பு அந்த வழியாகத்தான் வந்தது.

கரிந்து கிடந்த அந்தச் சந்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு அப்பாவின் கோழிப் பண்ணை நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கும் என் மகளின் வயதுதான். ராசிபுரத்துப் பக்கம், போதமலை அடிவாரத்தில் எங்கள் தோட்டம். அங்கே வீடுகள் தெருவாகச் சேர்ந்து இருக்காது. அவரவர் தோட்டத்துக்குள் அவரவர் வீடு, தோட்டத்தைச் சுற்றிக் கிளுவை வேலி. எங்கள் தோட்டத்துக்கும் பெரியப்பாவின் தோட்டத்துக்கும் நடுவில் ஓர் இட்டேரி போனது. இரண்டு பக்கமும் வேலி உயர்ந்து நிற்க, இடையில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு ஓடும் தடத்தைத்தான் இட்டேரி என்போம். காலையில் மாடுகள் அதன் வழியே மலைக்கு மேயப் போகும், பொழுது சாய்கையில் திரும்பி வரும். பாகம் பிரித்தபோது விளைகிற காட்டைப் பிரித்தார்கள், கிணற்றில் தண்ணீர் முறை பிரித்தார்கள், இட்டேரியை மட்டும் பொதுவில் விட்டுவிட்டார்கள்.

அப்பா பண்ணை போடுவதற்கு முன்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் வடக்கே போய்விடுவார். வந்தால் எனக்கு அவரைக் கண்டு கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அப்புறம் திடீரென்று லாரியை விட்டுவிட்டு, இட்டேரியை ஒட்டி எங்கள் நிலத்தில் கோழிப் பண்ணை போட்டார். சிமெண்ட் அட்டைக் கூரை, கம்பிக் கூண்டுகள், முட்டைக் கோழிகள். அப்பா தினமும் வீட்டில் இருக்கிற வாழ்க்கை அப்படித்தான் எனக்குத் தொடங்கியது. ஆனால் அவருடைய காக்கிச் சட்டையை அம்மா தூக்கிப் போடவில்லை. துவைத்து ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். "கோழி கைய விட்டுட்டா மறுக்கா அதைத்தான போடோணும்" என்பாள். நான் போகும்போதும் வரும்போதும் அந்தச் சட்டையைப் பார்த்துக்கொள்வேன்.

கோழிகளோடு ஈயும் வந்தது. எங்களுக்குப் பழகிவிட்டது. இட்டேரிக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியப்பா வீட்டுக்குப் பழகவில்லை. பெரியம்மா ஒரு கையால் சோறு போட்டு மறுகையால் முந்தானையை வீசிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் பெரியப்பாவின் மோரில் ஈ விழுந்தது. அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோனது.

பேச்சு நின்றதே தவிர, சொல்ல வேண்டியதைச் சொல்வது நிற்கவில்லை. பெரியப்பா தன் எருதிடம் பேசுவார், அப்பாவுக்குக் கேட்கும்படி.

"ஏண்டா, ஈ மொய்க்குதா? பொறுத்துக்க. சோத்துல மொய்க்கறதையே நாங்க பொறுத்துக்கறோம். நீ வால் இருக்கறவன், ஓட்டிக்கலாம்."

அப்பா கோழிகளிடம் சொல்வார்: "சாணியில ஈ வராதாமா. கோழியிலதான் வருதாமா. கேட்டுக்கங்க."

எருதும் கோழியும் பதில் சொன்னதில்லை. நான்தான் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சண்டை பெரியவர்களுக்குத்தான். எனக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போகத் தடை இல்லை. வேலிச் சந்தில் நுழைந்து, இட்டேரியைத் தாண்டி, எதிர்வேலிச் சந்தில் நுழைந்தால் அவளுடைய அடுப்படி.

மாசியில் மலையடிவாரத் தோட்டக்காரர்கள் எல்லோரும் கோயில் திடலில் கூடுவார்கள். மலையில் நெருப்பு எப்படிப் பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. புதுப்புல் முளைக்கட்டும் என்று யாராவது வைப்பார்கள், பீடித் துண்டில் பிடிக்கும், தானாகவும் பிடிக்கும் என்பார்கள். எப்படிப் பிடித்தாலும் கீழே வரக்கூடாது என்பதுதான் பேச்சு. மலைப்பக்க வேலிக்கு வெளியே அவரவர் தோட்டத்தின் அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி உழுதுவிட வேண்டும். சோளத்தட்டுப் போரை வீட்டுக்குக் கிழக்கே மாற்ற வேண்டும். தொட்டியில் தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும். நெருப்பை அடிக்க வேப்பங்கொப்பு வெட்டி நிழலில் போட்டு வைக்க வேண்டும். கூரை மேல் ஓலை இருக்கக் கூடாது.

கடைசி விஷயத்தில் அப்பா மாட்டிக்கொண்டார். வெயில் ஏறினால் சிமெண்ட் அட்டை அடுப்பு மாதிரி கொதிக்கும். கூண்டுக் கோழிக்கு எழுந்து நிழலுக்குப் போகத் தெரியாது. இருந்த இடத்தில் வாயைப் பிளந்துகொண்டு செத்துப்போகும். அதற்காக எல்லாப் பண்ணைக்காரர்களும் கூரை மேல் தென்னோலை பரப்பி, அதன் மேல் ஓட்டை போட்ட குழாயால் தண்ணீர் விடுவார்கள். ஓலை போட்டால் நெருப்புக்கு ஆகாது. எடுத்தால் வெயிலுக்கு ஆகாது.

இரண்டு நாள் அப்பா சாப்பிடும்போதும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தார். வெயில் பகலில்தான் அடிக்கிறது. மலைக்காற்று பொழுது சாய்ந்துதான் இறங்குகிறது. ஆகவே காலையில் ஓலையை ஏற்றிவிட்டுச் சாயங்காலம் இறக்கிவிட்டால் இரண்டு ஆபத்தும் இல்லை. இதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா மட்டும், "தெனமுமா?" என்று கேட்டாள்.

தினமும்தான். ஓலைகளைக் கயிற்றில் கோத்து, காலையில் அப்பா ஏணியில் நின்று இழுக்க, அம்மாவும் நானும் கீழிருந்து தள்ளுவோம். சாயங்காலம் கயிற்றை அவிழ்த்து இழுத்தால் தடதடவென்று தலைமேல் வந்து விழும். மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் இட்டேரியில் நின்று விசாரிப்பார்கள்.

"பண்ணைக்கு முண்டாசு கட்டியாச்சுங்களா?"

சாயங்காலம் திரும்பும்போது: "ஏனுங்க, அவுத்தாச்சுங்களா? நாளைக்கு என்ன கலருங்க?"

அப்பா சிரிக்க மாட்டார். எனக்கு எதை நெருப்புக்குச் செய்கிறோம், எதை வெயிலுக்குச் செய்கிறோம் என்று அடிக்கடி குழம்பிவிடும். தொட்டித் தண்ணீர் நெருப்புக்கு, குழாய்த் தண்ணீர் வெயிலுக்கு. நனைத்த சாக்கு இரண்டுக்கும். ஒருமுறை தொட்டியில் கை விட்டு முகம் கழுவியதற்கு அடி விழுந்தது.

இதற்கு நடுவில் இட்டேரியில் புல் ஆள் உயரத்துக்குக் காய்ந்து நின்றது. அந்த வருஷம் மாடுகள் நடந்த ஒற்றையடித் தடத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் புல்தான். வேலி மேல் படர்ந்திருந்த கொடிகளும் காய்ந்து தொங்கின. பெரியப்பா என்னைக் கூப்பிட்டுச் சேதி சொன்னார்.

"சாமி, உங்கப்பங்கிட்டச் சொல்லு. இட்டேரியச் செதுக்கோணும். பண்ணைய அதுக்கு ஒட்டி வெச்சிருக்கறவந்தான் செதுக்கோணும்."

நான் போய்ச் சொன்னேன். அப்பா, "மாடு ஓட்டறவிய செதுக்கட்டும். என்ற கோழி இட்டேரியில நடக்கறதில்லீன்னு சொல்லு" என்றார்.

நான் போய் அதையும் சொன்னேன். பெரியப்பா சொன்னபோது பெரியப்பா சொல்வது சரி என்று பட்டது. அப்பா சொன்னபோது அப்பா சொல்வது சரி என்று பட்டது. இரண்டு பேரும் சரியாக இருந்ததால் புல் அப்படியே நின்றது.

பங்குனியில் மலைமேல் நெருப்பு தெரிய ஆரம்பித்தது. முன்னிருட்டில் பார்த்தால் சிவப்புச் சரடு ஒன்றை மலைமேல் போட்டு வைத்தது போல் இருக்கும். எனக்கு அது அழகாக இருந்தது. அம்மா என்னை உள்ளே போகச் சொல்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் கணக்குக்குப் பணியாமல், நெருப்பு நடுப்பகலில் இறங்கியது.

ஓலை கூரை மேல் இருந்தது. கரண்ட் இல்லை. கூரைக் குழாயில் தண்ணீர் நின்றுபோய் ஓலை காய்ந்துபோயிருந்தது. முதலில் வாசம் வந்தது, அப்புறம் மலைப்பக்கம் ஆட்களின் கூச்சல். எல்லாத் தோட்டத்திலிருந்தும் வேப்பங்கொப்போடு ஓடினார்கள். உழுத மண்ணுக்கு வந்ததும் நெருப்பு நின்றது. அந்தத் தோட்டத்தில் நின்றது, இந்தத் தோட்டத்தில் நின்றது, பெரியப்பாவின் காட்டு ஓரத்திலும் எங்கள் காட்டு ஓரத்திலும் நின்றது. "நின்னுபோச்சு, நின்னுபோச்சு" என்று யாரோ கத்தியது எங்களுக்குக் கேட்டது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் கும்பிட்ட கையை இறக்குவதற்குள், இரண்டு உழவுக்கும் நடுவில் திறந்து கிடந்த இட்டேரி வாயில் நெருப்பு நுழைந்துவிட்டது.

இரண்டு வேலிக்கு நடுவில் அது வந்த வேகத்தை என்னால் இப்போதும் சொல்ல முடியவில்லை. வெடிச்சரம் வெடிப்பது போல் ஒரு சத்தம். நெருப்புக்கு முன்னால் கீரி ஒன்றும் இரண்டு முயல்களும் எங்கள் களத்தில் ஓடின. கௌதாரிகள் கத்திக்கொண்டு பறந்தன. இட்டேரியின் கீழ்க்கோடியில், வேலியைத் தொட்டுக்கொண்டு எங்கள் பண்ணை.

அப்பா ஏணியில் ஏறிக் கூரைக்குப் போய்விட்டார். கயிற்றை அறுத்து ஓலைகளைத் தள்ளினார். அம்மாவும் நானும் விழுந்த ஓலைகளைக் களத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடினோம். உள்ளே கோழிகள் ஒரே குரலாகக் கத்தின. ஓலையை இழுத்துக்கொண்டு திரும்பும்போதுதான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் இட்டேரிக்குள், எங்கள் பண்ணைக்கு நேராக நின்றார். கையில் சோளத்தட்டுக் கட்டு எரிந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து, எங்கள் வேலியடிப் புல்லில் அதை வைத்தார். இரண்டடி நகர்ந்து மறுபடியும் வைத்தார்.

"அம்மா! பெரியப்பா நம்ம பண்ணைக்கு நெருப்பு வெக்கறாரு!"

நான் கத்திய கத்தலில் அம்மா ஓலையைப் போட்டுவிட்டாள். அவளும் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, நான் நினைத்தது சரிதான் என்று முடிவு செய்துகொண்டேன். "மாமா! ஏனுங் மாமா இப்படிப் பண்றீங்க!" என்று அம்மா அலறினாள். பெரியப்பா நிமிரவே இல்லை.

அப்பா கூரை மேல் நின்று பார்த்தார். மேலே பார்த்தார், வருகிற நெருப்பை. கீழே பார்த்தார், வைக்கிற நெருப்பை. அப்புறம் ஏணியைக் கூடத் தேடாமல் சரிந்து இறங்கினார். அடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா களத்துக் குவியலிலிருந்து இரண்டு ஓலையை உருவி, வேலியைப் பிளந்துகொண்டு இட்டேரிக்குள் போய், பெரியப்பா கையில் எரிந்த கட்டிலேயே அவற்றைப் பற்றவைத்தார்.

"டேய், மேக்காலப் பக்கம் வெய்யிடா. காத்துத் திரும்பீரும்."

"செரிங்ண்ணா."

அரை வருஷத்துக்குப் பிறகு அவர்கள் நேராகப் பேசிக்கொண்டது அவ்வளவுதான். இரண்டு பேரும் ஓடி ஓடி நெருப்பு வைத்தார்கள். எங்கள் வேலிக்கும் வைத்தார்கள், பெரியப்பா வேலிக்கும் வைத்தார்கள். பெரியப்பா தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் பண்ணைப் பக்கம் தாவிய பொறிகளை ஈரச்சாக்கால் அடித்தார்கள். எனக்கு உலகமே தலைகீழாகிவிட்டது. பெரியப்பா கெட்டவர் என்றால் அப்பா ஏன் உதவி செய்கிறார்? அப்பா நல்லவர் என்றால் தன் வேலியையே ஏன் கொளுத்துகிறார்?

வருகிற நெருப்புக்குத் தின்ன ஒன்றுமில்லாமல் செய்தால் அது நின்றுவிடும் என்பதைப் பின்னால் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு நான் கண்டது, இவர்கள் வைத்த சின்ன நெருப்பு மெல்ல மெல்ல மலைப்பக்கமாக நகர்ந்து போனதும், பெரிய நெருப்பு அதை வாரி இழுத்துக்கொண்டதும், இரண்டும் ஒன்றாகி ஒருமுறை பனை உயரத்துக்கு எழுந்து நின்றதும்தான். அப்புறம் புகை. புகை விலகியபோது இட்டேரி கறுப்பாக, இரண்டு பக்கமும் வேலி இல்லாமல் கிடந்தது. கீழ்க்கோடியில் பண்ணை நின்றது.

ஆனால் ஓலை போய்விட்டது. கரண்ட் வரவில்லை. நெருப்பின் காந்தலும் பங்குனி வெயிலும் அட்டையில் சேர்ந்து இறங்கின. இட்டேரியை ஒட்டிய வரிசையில் கோழிகள் இறக்கையை விரித்து, வாயைத் திறந்து, ஒவ்வொன்றாகத் தலை சாய்த்தன. தொட்டித் தண்ணீர், நெருப்புக்கென்று நான் கை வைக்கக் கூடாமல் இருந்த தண்ணீர், முழுவதையும் கோழிகள் மேல் ஊற்றினோம். பெரியம்மா குடத்தோடு வந்தாள். மூக்கில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு, ஈ மொய்க்கிற கூண்டுகளுக்கு நடுவில் நின்று, ஒவ்வொரு கோழியின் தலையிலும் சொம்பால் தண்ணீர் தெளித்தாள். "சனியனே, குடி, சாவாத" என்று அவற்றைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

பொழுது இறங்கும்போது ஒரு பக்கத்து வரிசை முழுக்கப் போயிருந்தது. மற்றவை பிழைத்துக்கொண்டன. களத்துக்குப் பின்னால் அப்பாவும் பெரியப்பாவும் குழி வெட்டினார்கள். செத்த கோழிகளைக் கொட்டிவிட்டு அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நெருப்புல ஒண்ணு கூடச் சாவலீங்ண்ணா" என்றார்.

பெரியப்பா அவரைப் பார்த்தார். "ஆமாண்டா. முண்டாசுக்காரன் பொழைச்சுக்கிட்டான்" என்றார்.

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் நான் பாதியில் நிறுத்திக்கொண்டேன். பெரியப்பா அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

வீட்டுக்குள் ஓடிப்போய் முதல் வேலையாக ஆணியைப் பார்த்தேன். காக்கிச் சட்டை இருந்தது. மறுநாளும் இருந்தது. அப்பா அதைத் தொடவில்லை. அடுத்த வாரம் அம்மாவே அதை எடுத்து, இரண்டாகக் கிழித்து, முட்டை துடைக்கக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் என் சிறுவயதிலேயே சந்தோஷமான நாட்கள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வேலி இல்லாததால் எங்கள் அடுப்படியிலிருந்து பார்த்தால் பெரியம்மாவின் அடுப்படி தெரியும். அவள் தோசை சுட்டால் சத்தம் போடுவாள், நான் சந்தில் நுழையாமல் நேராக நடந்து போவேன். அம்மா இங்கே ரசத்துக்குத் தாளித்தால் அவள் அங்கிருந்தே, "என்ன, பெருங்காயம் தூக்கலா இருக்குது?" என்பாள். அம்மா ஏனோ அதற்குச் சிரிப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டாள். எருது இந்தப் பக்கம் வந்து தவிட்டு மூட்டையில் வாய் வைத்தது. ஈ முன்னைவிடத் தாராளமாக அந்தப் பக்கம் போனது. யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு வேலை என்று எனக்கு அப்போது தெரியாது.

சித்திரைக் கடைசியில் கோடை மழை பெய்தது. மண் நனைந்த மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது, அப்பாவும் பெரியப்பாவும் இட்டேரியில் கடப்பாரையோடு நின்றிருந்தார்கள். பக்கத்தில், வேலியாக நட்டு வளர்ப்பதற்காக வெட்டிய கிளுவைக் கொம்புகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. இனி வருஷா வருஷம் தைக் கடைசியில் இரண்டு பேரும் ஒரே நாளில் இட்டேரியைச் செதுக்குவதென்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேசிச் சிரித்துக்கொண்டே வேலிக்குக் குழி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏம் பெரியப்பா, சண்டைதான் தீந்து போச்சே. மறுக்கா எதுக்கு வேலி?"

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா குழியைப் பார்த்தார்.

"உன்ற மவ கேக்கற கேள்வியப் பாரு" என்றார் பெரியப்பா. அப்புறம் என்னிடம், "இந்தக் கொம்பைச் சாயாமப் புடி சாமி. மண்ணு எறுகற வரைக்கும் கைய எடுக்காத" என்றார்.

நான் பிடித்துக்கொண்டேன். இந்தப் பக்கமிருந்து அப்பாவும் அந்தப் பக்கமிருந்து பெரியப்பாவும் மண்ணைத் தள்ளி மிதித்தார்கள். இந்தக் கொம்பு துளிர்த்து உயர்ந்தால் பெரியம்மாவின் அடுப்படி மறைந்துவிடும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அது அவர்களுக்கும் தெரியும் என்பதும் தெரிந்திருந்தது. பிறகு ஏன் இருவரும் இவ்வளவு நிம்மதியாக இருக்கிறார்கள் என்பது மட்டும் பிடிபடவில்லை. கை வலித்தது. மண் இறுகும் வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.